ரோபோ செய்யக் காசு வேணுமா? – ஒரு சின்ன வரலாறு

ரோபோ போட்டின்னு சொன்னதும் எல்லாரும் மோட்டாரைப் பத்திப் பேசுவாங்க. சென்சாரைப் பத்திப் பேசுவாங்க. புரோகிராமைப் பத்தி மணிக்கணக்கில் பேசுவாங்க. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் பேசுறதில்லை. காசு. அது எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, கொடுத்தவர் பதிலுக்கு என்ன கேட்டார், கடைசியில் எதில் போய் முடிஞ்சது... ஜெயிச்ச அணியின் போட்டோ பேப்பரில் வரும். கணக்கு நோட்டு வராது.

இந்தப் பதிவு அந்தக் கணக்கு நோட்டைப் பத்தி. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க மக்களே :-)

ஒரே பெட்டி, எல்லாருக்கும்

கதை 1970களில் ஆரம்பிக்குது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் உட்டி ஃபிளவர்ஸ்னு ஒரு வாத்தியார். மெக்கானிக்கல் மாணவர்களுக்கு வடிவமைப்புப் பாடம் எடுத்தவர். பாடத்தின் எண் 2.70. அந்த எண்ணாலேயே அது உலகம் பூரா பிரபலமாச்சு. வகுப்பில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெட்டி கொடுப்பாங்க. உள்ளே தகரத் துண்டு, ஸ்பிரிங், குட்டி மோட்டார், ரப்பர், கம்பின்னு காயலான் கடைச் சரக்கு மாதிரி இருக்கும். இதை மட்டும் வச்சு ஒரு மெஷின் செய்யணும். வருஷக் கடைசியில் மேடையில் ரெண்டு மெஷின்கள் மோதும், மொத்த வளாகமும் விசில் அடிக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கு. எல்லாருக்கும் ஒரே பெட்டி. பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் அதே மோட்டார், ஸ்காலர்ஷிப்பில் வந்தவனுக்கும் அதே மோட்டார். ஆக, காசை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியாச்சு. உள்ளே மிச்சம் இருக்கிறது யோசனை மட்டும்தான்.

ஜப்பானில் மசாஹிரோ மோரியும் கிட்டத்தட்ட இதே வழிக்கு வந்தார். மனுஷனை ரொம்பவும் ஒத்திருக்கிற ரோபோவைப் பார்த்தா நமக்கு ஏன் ஒரு மாதிரி குமட்டுதுன்னு 1970லேயே கட்டுரை எழுதினாரே, அவரேதான். 1988ல் என்.எச்.கே. டிவியோடு சேர்ந்து ஜப்பானின் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு (நம்ம பாலிடெக்னிக் மாதிரின்னு வச்சுக்கலாம்) ஒரு போட்டி தொடங்கினாங்க. முதல் வருஷத்துப் போட்டி என்ன தெரியுமா? டார்ச் லைட்டில் போடுற பேட்டரியின் சக்தியில், ஒரு ஆளை உட்கார வச்சு ஓடுற வண்டி! காசை அள்ளிக் கொட்டுறவனுக்கு அங்கே வேலையே இல்லை. அந்தப் பேட்டரிக்குள்ள எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் எல்லாருக்கும்.

பெட்டி திறந்தது, பர்ஸும் திறந்தது

போட்டி வளர்ந்தா செலவும் வளரும். உட்டி ஃபிளவர்ஸின் யோசனையை டீன் கேமன் என்கிற கண்டுபிடிப்பாளர் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு போனார். 1989ல் 'ஃபர்ஸ்ட்' அமைப்பு. 1992ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரில், ஒரு ஹைஸ்கூல் ஜிம்மில் முதல் போட்டி. வந்தது 28 அணிகள். அங்கேயும் எல்லாருக்கும் ஒரு பெட்டி உண்டு. ஆனா இந்தத் தடவை ரோபோ பெரிசு. கம்பெனி இன்ஜினியர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து வேலை செய்யணும் என்கிறது திட்டத்திலேயே இருந்தது. கம்பெனி வந்தா பின்னாடியே ஸ்பான்சர் வருவார். ஸ்பான்சர் வந்தா ஸ்டிக்கர் வரும். இன்னைக்கு அங்கே ஒரு அணி ஒரு சீசன் ஆடுறதுக்குப் பதிவுக் கட்டணம் மட்டுமே பல ஆயிரம் டாலர். பிள்ளைகள் கேக் விற்று, கார் கழுவி, கம்பெனி வாசலில் நின்னு காசு சேர்க்கிறாங்க. ஒரு உதிரிப் பாகத்தின் விலை இவ்வளவுக்கு மேல் போகக்கூடாதுன்னு விதியில் ஒரு உச்சவரம்பு இருக்கு. அந்தப் பழைய பெட்டியின் நிழல் அது மட்டும்தான்.

ஆசியாவில் 2002ல் டோக்கியோவில் ஏ.பி.யு. ரோபோகான் ஆரம்பிச்சது. ஆசிய பசிபிக் ஒலிபரப்பு நிறுவனங்கள் சேர்ந்து நடத்துறது. நம்ம பக்கம் தூர்தர்ஷன். ஒவ்வொரு வருஷமும் நடத்துற நாடு தன் ஊர் விளையாட்டையோ கதையையோ போட்டியாக்கும். 2008ல் புனேயில் நடந்தப்போ வச்ச ஆட்டம் என்ன? கோகுலாஷ்டமி உறியடி! ரோபோ உயரத்தில் தொங்குற பானையை எட்டி வெண்ணெய் எடுக்கணும். 2022ல் டெல்லி நடத்தினப்போ 'லகோரி'. அதாவது நம்ம தெருவில் பந்தால் அடிச்சுக் கலைச்சுட்டு மறுபடி அடுக்குவோமே, அந்த ஏழு கல்லு ஆட்டம். ரோபோ பந்தால் அடிக்கணும், இன்னொரு ரோபோ அடுக்கணும். கேட்கவே ஜாலியா இருக்குல்ல?

ஆனா கணக்கு நோட்டைத் திறந்தா ஜாலி குறையும். வருஷா வருஷம் ஆட்டம் மாறுது. போன வருஷத்து ரோபோ இந்த வருஷத்துக்கு ஆகாது, பிரிச்சு மோட்டாரை மட்டும் எடுத்துக்கலாம். அதைவிடப் பெரிய செலவு ஒண்ணு இருக்கு: களம். பழகிப் பார்க்கணும்னா ஆடுகளத்தையே பிளைவுட்டில் முழு அளவுக்குக் கல்லூரியில் கட்டணும். அதுக்கு ஒரு பெரிய ஹால் வேணும். அந்த ஹாலை மாசக்கணக்கில் பூட்டிச் சாவியை மாணவர்கள் கையில் கொடுக்கிற ஒரு முதல்வர் வேணும். மோட்டார் வாங்கக் காசு இருந்தும் களம் இல்லாமல் தோத்த அணிகள் எத்தனையோ.

கடல் பக்கம் வருவோம். தண்ணிக்குள் போற ரோபோக்களுக்கும் போட்டிகள் உண்டு. ஆளே தொடாமல் தானாகப் போற வகைக்கு அமெரிக்காவில் 1998 முதல் ரோபோசப் நடக்குது. மும்பை ஐ.ஐ.டி.யின் 'மத்ஸ்யா' அணி 2012 முதல் அங்கே போய் வருது. கயிறு மாதிரி ஒரு கேபிளைப் பிடிச்சுக்கிட்டு மேலிருந்து ஓட்டுற வகைக்கு 'மேட்' அமைப்பின் போட்டி, 2002 முதல். இந்த 'மேட்' போட்டியில் எனக்குப் பிடிச்சது: ஒவ்வொரு அணியும் ஒரு கம்பெனி மாதிரி நடக்கணும். ஒருத்தர் தலைவர், ஒருத்தர் கணக்குப்பிள்ளை. செலவுக் கணக்கையும் எழுதிக் கொடுக்கணும், அதையும் நடுவர்கள் பார்த்து மார்க் போடுவாங்க. நான் முதலில் சொன்ன அந்தக் கணக்கு நோட்டு இருக்கே, அது இங்கே போட்டியின் ஒரு பாகம்.

800 டாலர் அணி

இந்தப் போட்டியில்தான் 2004ல் அந்தப் பிரபலமான சம்பவம் நடந்தது. சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும், 2015ல் 'ஸ்பேர் பார்ட்ஸ்'னு சினிமாவாகவும் வந்தது.

அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ். சுத்தமான பாலைவனம், கடலே கிடையாது. அங்கே கார்ல் ஹேடன் ஹைஸ்கூல். மெக்சிகோவிலிருந்து சின்ன வயசில் வந்த, கையில் குடியுரிமைக் காகிதம் இல்லாத நாலு பையன்கள்: கிறிஸ்டியன் அர்செகா, லொரென்சோ சான்டியான், ஆஸ்கர் வாஸ்கெஸ், லூயிஸ் அராண்டா. ஃப்ரெடி லாஜ்வர்டி, ஆலன் கேமரன்னு ரெண்டு வாத்தியார்கள். ஊர்க் கடைகளில், சின்னக் கம்பெனிகளில் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது சுமார் 800 டாலர். அதை வச்சு பி.வி.சி. பைப்பில் ஒரு ரோபோ. பைப் ஒட்டுற பசை நாறினதால் அதுக்கு 'ஸ்டிங்கி'ன்னு பேர். நாத்தம் புடிச்சவன்னு நம்ம பாஷையில் சொல்லலாம்!

பள்ளிக்கூடப் பிரிவு இருந்தும் கல்லூரிப் பிரிவில் பேர் கொடுத்தாங்க. காரணம் எளிது: கல்லூரிக்காரன்கிட்ட தோத்தா அவமானம் இல்லை. அந்தப் பிரிவில்தான் எம்.ஐ.டி.யும் இருந்தது. அவங்க ரோபோவில் எக்ஸான்மொபில் ஸ்டிக்கர். பட்ஜெட்டும் பல மடங்கு.

போட்டிக்கு முன்னே ரோபோவின் பெட்டிக்குள் தண்ணி கசிஞ்சது. சரி பண்ண நேரம் இல்லை. கசிவை நிறுத்த முடியலைன்னா உறிஞ்சிட்டுப் போகட்டும்னு லொரென்சோ ஒரு யோசனை சொன்னான்: பெண்கள் உபயோகிக்கிற டாம்பான். கடைக்குப் போய் வாங்கி உள்ளே வச்சாங்க. வேலை செஞ்சது. கடைசியில் மொத்தத்தில் முதலிடம் கார்ல் ஹேடன் பள்ளிக்கு. எம்.ஐ.டி. ரெண்டாவது.

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் ஒரே நீதியில் முடிப்பாங்க: "பார்த்தியா, காசு முக்கியம் இல்ல, மூளைதான் முக்கியம்!" எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கதையை இன்னொரு தடவை மெதுவா வாசிங்க.

தண்ணிக்கடியில் சூடு அளக்க எந்தக் கருவி நல்லதுன்னு அவங்க கம்பெனிக்கு நேரா போன் போட்டுக் கேட்டாங்க. அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகப் பாடம் எடுத்தார். தூரம் அளக்கிற லேசர் கருவி, அதை விற்கிறவருக்குப் போன் செஞ்சு பேசி வந்தது. பழகிப் பார்க்க நீச்சல் குளம், அது ஒருத்தர் தயவு. ரெண்டு வாத்தியார்கள் சாயங்காலம், லீவு நாள்னு பார்க்காமல் உட்கார்ந்த மணிக்கணக்கு இருக்கே, அதுக்குச் சம்பளம் போட்டா 800 டாலர் எந்த மூலைக்கு?

ஆக, 800 டாலர் என்கிறது நோட்டில் ஏறின காசு. நோட்டில் ஏறாத காசு ஒண்ணு இருந்தது, அது ரொம்பப் பெரிசு. எம்.ஐ.டி.க்கு அது கட்டடமா, லேபா, ஸ்பான்சரா ஏற்கெனவே இருந்தது. இந்தப் பையன்கள் அதைப் போன் போட்டு, வாசல் ஏறி, கேட்டு வாங்கினாங்க. அதுதான் அவங்க திட்டத்தின் கெட்டிக்காரத்தனம்.

இன்னொண்ணும் சொல்லணும். ஜெயிச்சதும் வாழ்க்கை பளிச்னு மாறிடலை. ஆஸ்கர் கஷ்டப்பட்டு அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இன்ஜினியரிங் முடிச்சு, 2009ல் தானாகவே மெக்சிகோவுக்குத் திரும்பி, முறைப்படி விண்ணப்பிச்சு, 2010ல் மறுபடி வந்து ராணுவத்தில் சேர்ந்தார். கோப்பை கதவைத் திறக்கலை, கதவு இருக்கிற இடத்தைக் காட்டிச்சு.

வளையல் அடகு வச்ச கதை

நம்ம பக்கம் இப்படி ஒண்ணும் இல்லையான்னு கேட்டீங்கன்னா, இருக்கு. நம்ம கிட்டயும் ஒரு எம்.ஐ.டி. இருக்கே, குரோம்பேட்டையில். 1949ல் சி. ராஜம் என்கிறவர் தன் வீட்டை வித்த காசைப் போட்டு ஆரம்பிச்ச கல்லூரி அது.

அங்கே 1950களில் விமான இன்ஜினியரிங் படிக்க இடம் கிடைச்ச ஒரு ராமேஸ்வரத்துப் பையனுக்கு ஃபீஸ் கட்டக் காசில்லை. தேவைப்பட்டது ஏறக்குறைய 1000 ரூபாய். அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சுக் கொடுத்தார். பையன் யார்னு சொல்ல வேண்டியதில்லை. அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் இதை எழுதியிருக்கார். எங்களுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிறது ஒரே மன்னார் வளைகுடாதான். இந்தக் கரையில் மெஷின் கனவுக்கு முதல் முதலீடு எதுன்னு கேட்டா, பொம்பளைங்க கழுத்தும் கையும்தான்.

அதே கல்லூரியில் அவங்க குழு ஒரு தாக்குதல் விமானத்தை வடிவமைச்சுக்கிட்டு இருந்தது. வேலை ஆமை வேகத்தில் போறதைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன், மூணே நாளில் முடிக்கலைன்னா ஸ்காலர்ஷிப்பை நிறுத்திடுவேன்னு சொல்லிட்டார். முடிச்சாங்க. திட்டம் போடுறதுன்னா என்னன்னு அந்த மூணு நாளில் தெரிஞ்சிருக்கும்!

அதே வளாகத்திலிருந்து கிளம்பினதுதான் 'தக்ஷா' அணி. 2018ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' ஆளில்லா விமானப் போட்டியில் ரெண்டாமிடம். ஆள் போக முடியாத இடத்துக்குத் தானாகப் பறந்து, இறங்கி, ரத்த மாதிரியை வாங்கிக்கிட்டுத் திரும்பணும். நடிகர் அஜித் ஆலோசகராக இருந்ததால் ஊரெல்லாம் பேசிச்சு. ஒரு பெரிய பல்கலைக்கழகமும், பல வருஷம் தொடர்ந்து உழைச்ச பேராசிரியர்களும் அதுக்குப் பின்னாடி இருந்தது அவ்வளவா பேசப்படலை. நோட்டில் ஏறாத காசு, மறுபடியும்.

ஊர் கூடிப் போட்ட காசுக்கும் ஒரு கதை உண்டு. எரிக் ஸ்டாக்போல்னு ஒருத்தர், கலிஃபோர்னியாவில் தண்ணி நிரம்பின ஒரு குகைக்குள் தங்கம் கிடக்குதுங்கிற வதந்தியைக் கேட்டு, அதைப் பார்க்கக் குட்டி நீர்மூழ்கி ரோபோ செய்ய ஆரம்பிச்சார். கூட டேவிட் லாங். 2012ல் கிக்ஸ்டார்ட்டரில் 20,000 டாலர் கேட்டாங்க. வந்தது 1,11,622 டாலர்! அதுதான் ஓப்பன்ரோவ். தங்கம் கிடைக்கலை. ஆனா வரைபடத்தை எல்லாருக்கும் திறந்து வச்சாங்க. வீட்டுக் கொல்லையில் நீர்மூழ்கி ரோபோ செய்யலாம்கிற தைரியம் நிறையப் பேருக்கு அங்கிருந்து வந்தது.

இனி எங்க ஊர்

மணப்பாடு தெரியாதவங்களுக்கு: திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்துக்கு அடுத்து. கடலுக்குள் நீட்டிக்கிட்டு நிக்கிற மணல் குன்று, அதுமேல 1581ல் கட்டின திருச்சிலுவைக் கோயில். புயலில் தப்பின ஒரு போர்ச்சுகீசியக் கப்பலின் உடைஞ்ச பாய்மரத்தில்தான் முதல் சிலுவையைச் செஞ்சாங்கன்னு ஊரில் சொல்லுவாங்க. கைக்குக் கிடைச்சதை வச்சு வேலை பார்க்கிறது எங்களுக்குப் புதுசில்லை :-)

இங்கே பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங்கும் படிக்கிற பையன்கள் சிலர் நீர்மூழ்கி ரோபோ செஞ்சு போட்டிக்குப் போகணும்னு கிளம்பியிருக்காங்க. "அண்ணே, எவ்வளவு ஆகும்?"னு கேட்டாங்க. மேலே எழுதின அத்தனையும் அந்தக் கேள்விக்காகப் படிச்சதுதான்.

அவங்களுக்கு நான் முதலில் சொன்னது: நோட்டில் ஏறாத காசை முதல்ல எண்ணுங்கடே. உட்கார்ந்து எண்ணினோம். அசந்துட்டோம்.

அவுட்போர்டு இன்ஜினைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுற மெக்கானிக்குகள் கரையிலேயே இருக்காங்க. ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தா ரெசின் பூசி அடைக்கிறவங்க இருக்காங்க. தண்ணி புகாமல் அடைக்கிறதுதான் நீர்மூழ்கி ரோபோவில் பாதி வேலை. ஃபீனிக்ஸ் பையன்களைத் திணறடிச்ச வேலை. படகுக்குள் தேங்கிற தண்ணியை இறைக்கிற 12 வோல்ட் பம்ப் இருக்கே, அதன் மோட்டாரில் குட்டிக் காத்தாடி மாட்டினா ரோபோவைத் தள்ளுற மோட்டார் தயார். உலகம் பூரா காசில்லாத அணிகள் செய்யிற வேலை இது.

அப்புறம் கயிறு. 'மேட்' போட்டியில் ரோபோவை ஓட்டுறவர் ஒருத்தர், கேபிளைப் பிடிக்கிறவர் இன்னொருத்தர். ரொம்ப விட்டா சிக்கிக்கும், இழுத்துப் பிடிச்சா ரோபோ நகராது. இந்த வேலை எங்க கரைக்குப் பழசு. முத்துச் சலாபம் நடந்த காலத்தில் கல்லோட முங்கிறவர் ஒருத்தர்னா, படகில் கயிறு பிடிக்கிறவர் இன்னொருத்தர். உயிர் அந்தக் கயிற்றில்தான். அதனால மச்சானைத்தான் கயிறு பிடிக்க விடுவாங்கன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். அக்கா தங்கச்சி தாலி அவன் கையில்ல! தூத்துக்குடியில் சலாபம் 1961க்குப் பிறகு நடக்கலை. கயிறு பிடிக்கிற கை மட்டும் சங்கு குளிக்கிறவங்ககிட்ட இன்னும் மிச்சம் இருக்கு.

பழகிப் பார்க்க இடமா? கிணறு இருக்கு, கழிமுகம் இருக்கு, கடலே இருக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும். கடல் தண்ணி நல்ல தண்ணியைவிட நூத்துக்கு ரெண்டரை பங்கு கனம். 40 கிலோ ரோபோ கிணற்றில் சமமா நின்னா, கடலில் ஒரு கிலோ அளவுக்கு மேலே தூக்கும். அந்த ஒரு கிலோ ஈயத்தைச் சேர்க்கணும். போட்டி நல்ல தண்ணிக் குளத்தில்னா திரும்பக் கழட்டணும்.

அரசாங்கக் காசும் ஒண்ணு பக்கத்திலேயே இருக்கலாம். 2016ல் தொடங்கின அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். நாடு முழுக்க 10,000 பள்ளிகளில் வந்திருக்கு. பல ஊர்களில் அந்த 3டி பிரிண்டர் துணி போர்த்தித் தூங்குது. சனி, ஞாயிறு திறந்து விடச் சொல்லி ஒரு தலைமையாசிரியரைச் சம்மதிக்க வச்சா, அது பெரிய ஸ்பான்சருக்குச் சமம்.

நோட்டில் ஏறுற காசு

இது இருந்தாலும் ரொக்கம் கொஞ்சம் வேணும். கட்டுப்பாட்டு எலக்ட்ரானிக்ஸ், கேமரா, பேட்டரி, நல்ல கேபிள்... ரிச்சி தெருவில் கடன் சொல்ல முடியாது. கையில் 100 ரூபாய் இருந்தா எப்படிப் பிரிக்கணும்னு நான் போட்ட கணக்கு: ரோபோவுக்கு 35. அதே சாமான்களில் இன்னொரு செட் உதிரி வாங்க 15. பழகிப் பார்க்க 20. பயணத்துக்கு 20. மீதி 10ஐ யாரும் தொடக்கூடாது.

பையன்கள் முகம் சுருங்கிப் போச்சு. "ரோபோவுக்கு வெறும் 35ஆ அண்ணே?" ஆமா. 90 ரூபாயை ரோபோவில் போட்டவன், போட்டியன்னைக்கு எரிஞ்சு போன ஒரு சின்ன ஐ.சி.யை மாத்த முடியாமல் நிப்பான். அங்கே போய்ச் சேர ரயில் டிக்கெட்டும், ரோபோ உடையாமல் போக ஒரு பெட்டியும், தங்க இடமும், மூணு வேளைச் சாப்பாடும் திட்டத்தில் இல்லைன்னா அது திட்டமே இல்லை.

நேரத்துக்கும் அதே மாதிரி. ஆறு மாசம்னு வைங்க. முதல் மாசம் எதையும் வாங்கக் கூடாது. விதிப் புத்தகத்தைப் படிக்கணும், போன் போடணும். ரெண்டாம் மாசம் பைப்பில் கூடு செஞ்சு கிணற்றில் இறக்கணும். மூணு, நாலில் மோட்டாரும் கேமராவும். அஞ்சில் கடல். ஆறாவது மாசம் புதுசா எதையும் சேர்க்கக் கூடாது, பழகணும், அவ்வளவுதான்.

கடன் மட்டும் கூடாது. இதில் நான் கறார். எங்க கரையில் வலைக்கும் இன்ஜினுக்கும் அட்வான்ஸ் வாங்கினவன் நிலைமை எல்லாருக்கும் தெரியும். காசு கொடுத்த வியாபாரிகிட்டத்தான் மீனைப் போடணும், அவர் சொல்றதுதான் விலை. மீனாவது மறுநாள் கிடைக்கும். ரோபோ போட்டியில் தோத்தா கையில் மிஞ்சுறது பி.வி.சி. பைப். அதுக்காக ஒரு அம்மாவோட சங்கிலி அடகுக் கடைக்குப் போகக் கூடாது. ஜோஹரா அம்மா வளையலைக் கொடுத்தது ஒரு படிப்புக்கு. படிப்பு ஆயுசுக்கும் கூட வரும். போட்டி ஒரு வார சமாச்சாரம். ரெண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அப்போ ரொக்கம் எங்கிருந்து? கார்ல் ஹேடன் வழிதான். பெரிய கம்பெனி ஒண்ணைத் தேடி அலையாமல், சின்னச் சின்னதா நிறைய வாசல். வெளிநாட்டில், கப்பலில் வேலை பார்க்கிற ஊர்க்காரங்க, படகு சாமான் கடை, ஐஸ் கம்பெனி, பழைய மாணவர்கள். ஒரே ஒரு பக்கத்தில் திட்டம், கூடவே திறந்த கணக்கு. மாசம் ஒரு தடவை வரவு செலவைக் கோயில் வாசல் நோட்டீஸ் போர்டில் ஒட்டணும்னு சொல்லியிருக்கேன். காசு கொடுத்தவருக்கு ஸ்டிக்கரைவிட அது பெரிய மரியாதை.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்கலாம். பக்கத்து ஊர் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல் அடிக்கல் நாட்டினாங்க. வடக்கே பள்ளிக்கரணையில் இருக்கிற, 1993ல் தொடங்கின தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், 2010ல் ரோசப் 6000 என்கிற நீர்மூழ்கி ரோபோவை 5289 மீட்டர் ஆழம் வரை இறக்கினது. மாணவர்களுக்கு நீர்மூழ்கிப் போட்டியும் நடத்தியிருக்கு. மேலே ராக்கெட், கீழே ரோபோ. ரெண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற எங்க பிள்ளைகள், அங்கே வாட்ச்மேன் வேலைக்கு மட்டும் மனு போடுறவங்களா இருந்துடக் கூடாது. கோப்பை வேண்டாம். கடலுக்குள்ள போய்ப் படம் பிடிச்சுத் திரும்பி வர்ற ஒரு மெஷினைத் தன் கையால் செஞ்சவன்னு ஒருத்தன் இன்டர்வியூவில் போய் உட்காரட்டும். அது போதும்.

பெட்டியில் இருக்கிற சாமான் எல்லாருக்கும் ஒண்ணா இருந்த காலம் போயாச்சு. அவங்கவங்க பெட்டியை அவங்கவங்களே நிரப்பிக்கணும். எங்க கரையின் பெட்டி காலி இல்லைங்கிறது எண்ணிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சது.

டிஸ்கி: காசு கேட்டு எழுதின பதிவு இல்லை இது, பயப்படாதீங்க :-) தண்ணி புகாத கனெக்டர் ரிச்சி தெருவில் எந்தக் கடையில் நியாயமா கிடைக்கும், பேட்டரியோட ரோபோவை செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏத்த என்ன நடைமுறை, இது தெரிஞ்ச பதிவர்கள் ஒரு வார்த்தை சொன்னா புண்ணியமாப் போகும். நோட்டில் ஏறாது. ஆனா எண்ணிக்குவோம்.